உள்ளரங்க விளையாட்டைப் படம்பிடிக்க எந்த கேம்கார்டர்? குறைந்த செலவில் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

என் மகள் பேட்மிண்டன் ஆடத் தொடங்கிய இரண்டாவது வருடம், அவள் ஆட்டத்தைப் பதிவுசெய்து கோச்சிடம் காட்டலாம் என்று ஒரு கேம்கார்டர் வாங்கினேன். பெட்டியில் ‘30 மடங்கு ஜூம்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கடையில் கண்ணாடிக் கதவு வழியே தெருமுனையில் நின்ற ஆட்டோவின் நம்பர் பலகையை இழுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. அதே கேமராவை அரங்கத்துக்குள் கொண்டுபோனபோது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, பழுப்பேறி வந்தது. அவள் கால் எடுத்து வைக்கும் விதத்தைப் பார்ப்பதற்காகத்தான் பதிவு செய்தோம். கால்கள் இருந்த இடத்தில் ஒரு மங்கல்தான் இருந்தது. அது அவளுடைய முதல் அரையிறுதி.

கேமராவில் பழுது ஒன்றும் இல்லை. வெயிலில் எடுப்பதற்கான கேமராவை நான் கூரைக்குக் கீழே பயன்படுத்தியிருந்தேன். அதன் பிறகு இரண்டு கேமரா மாறி, கூடைப்பந்து, கைப்பந்து, கபடி என்று பல அரங்கங்களில் எடுத்துப் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: உள்ளரங்கத்துக்குக் கேமரா வாங்கும்போது ஜூமுக்குப் பணம் கொடுக்கக் கூடாது, வெளிச்சத்தை வாங்கும் திறனுக்குக் கொடுக்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கடைக்குப் போவதற்கு முன் அரங்கத்துக்குப் போங்கள்

நம் கண் இருட்டுக்குத் தன்னை மாற்றிக்கொள்வதால் அரங்கம் நன்றாக வெளிச்சமாக இருப்பதாகவே தோன்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உச்சிவெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். சாதாரணப் பள்ளி அரங்கத்தில் 200 முதல் 300 லக்ஸ் இருந்தாலே நல்லது. அதாவது வெயிலோடு ஒப்பிட்டால் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. தொலைக்காட்சியில் வரும் புரோ கபடி ஆட்டங்களைப் பார்த்து ‘நம் அரங்கத்திலும் இப்படி வரும்’ என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒளிபரப்புக்கென்றே தனியாக விளக்குகள் கட்டியிருப்பார்கள்.

போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஆட்டம் நடக்கும் அதே மாலை நேரத்தில், கோர்ட்டின் நடுவில் ஓர் இடத்திலும் மூலையில் ஓர் இடத்திலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. நமக்கு ஏறக்குறைய தெரிந்தால் போதும். 500-ஐத் தாண்டினால் உங்களுக்குத் தேர்வு நிறைய இருக்கிறது. 200-க்குக் கீழே என்றால் சின்ன சென்சார் (கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) உள்ள எந்தக் கேமராவையும் இப்போதே பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம். எந்த வகை விளக்கு என்பதையும் பாருங்கள்: டியூப் லைட்டா, கூரையில் தொங்கும் எல்இடியா, போட்டுவிட்டுப் பிரகாசமாகச் சில நிமிடம் காத்திருக்க வேண்டிய பழைய மெட்டல் ஹாலைடா? இது பின்னால் உதவும்.

இரண்டாவது படி: எங்கே நிற்பீர்கள் என்று அளந்து பாருங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. ஆனால் பாதிப் பணத்தை மிச்சப்படுத்துவது இந்தப் படிதான்.

எல்லாக் கேமரா விவரப் பட்டியலிலும் ‘35 மி.மீ. சமானம்’ என்று ஓர் எண் இருக்கும். ‘26.8 முதல் 536 வரை’ என்பதுபோல். சின்ன எண் அகலமான காட்சி, பெரிய எண் நெருக்கமான காட்சி. இதை வைத்து ஒரு எளிய கணக்குப் போடலாம். படத்தில் தெரிய வேண்டிய அகலத்தை அந்த எண்ணால் பெருக்கி 36-ஆல் வகுத்தால், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று மீட்டரில் வந்துவிடும். பழைய ஃபிலிமில் ஒரு படச் சட்டத்தின் (ஃபிரேம்) அகலம் 36 மி.மீ.; அதிலிருந்து வருகிற கணக்கு இது.

பேட்மிண்டனை எடுத்துக்கொள்வோம். இரட்டையர் கோர்ட் 6.1 மீட்டர் அகலம், 13.4 மீட்டர் நீளம். ஆட்டத்தை அலசுவதற்கு மிக நல்ல இடம் பின்கோட்டுக்குப் பின்னால், நடுவில், உயரத்தில். 27 மி.மீ. கேமராவில் முழு அகலமும் தெரிய 6.1 × 27 ÷ 36, அதாவது ஏறக்குறைய 4.6 மீட்டர் தூரம் வேண்டும். பெரும்பாலான அரங்கங்களில் பின்கோட்டுக்கும் சுவருக்கும் இடையே இரண்டரை மீட்டர் கிடைத்தாலே அதிகம். அங்கே 30 மடங்கு ஜூமை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பின்கோட்டின் இரண்டு மூலையும் வெட்டுப்பட்டுப் போகும். ஆனால் அதே சுவரோரம் கேமராவை மூன்று மீட்டர் உயரத்தில் வைத்தால், கோட்டுக்குச் சாய்வாக உள்ள தூரம் 3.9 மீட்டராகிவிடும். அப்போது 5.2 மீட்டர் அகலம் தெரியும். ஒற்றையர் கோர்ட் 5.18 மீட்டர்தான், மட்டுமட்டாக அடங்கிவிடும். உயரம் இவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது.

கைப்பந்துக்கு 9 மீட்டர் அகலம். இதையும் பின்கோட்டுக்குப் பின்னாலிருந்து எடுப்பதே பயிற்சிக்கு உதவும். கூடைப்பந்து 28-க்கு 15 மீட்டர். பக்கவாட்டு மாடத்திலிருந்து முழுக் கோர்ட்டையும் ஒரே சட்டத்தில் அடக்க 21 மீட்டர் தூரம் வேண்டும். அது கிடைக்காது, எனவே கேமராவை இடமும் வலமும் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். நடுக்கோட்டுக்கு நேராக, மாடத்திலிருந்து எடுத்தால் ரெய்டரின் கால் போனஸ் கோட்டைத் தாண்டியதா என்பதுவரை தெரியும்.

சரி, ஜூம் எவ்வளவுதான் தேவை? 20 மீட்டர் தூரத்து மாடத்திலிருந்து ஒரே ஒரு வீரரை, 4 மீட்டர் அகலச் சட்டத்தில் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். 20 × 36 ÷ 4 = 180 மி.மீ. அகலக் காட்சியான 27-லிருந்து இது ஏழு மடங்குகூட இல்லை. உள்ளரங்கத்தில் 10 மடங்கு ஜூம் தாராளம். 20, 30, 50 எல்லாம் மைதானத்துக்கும் பறவை பார்ப்பதற்கும்.

மூன்றாவது படி: உங்கள் போனே போதுமா என்று பாருங்கள்

செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. இன்றைய நடுத்தர விலைப் போனின் முதன்மைக் கேமராவில் இருக்கும் சென்சார், விலை மலிந்த கேம்கார்டரின் சென்சாரைவிடப் பெரியது. அதன் லென்ஸ் திறப்பும் பெரியது. பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ், கைப்பந்து ஆகியவற்றைப் பின்கோட்டிலிருந்து அசையாமல் எடுப்பதுதான் தேவை என்றால், போனோடு ஒரு நல்ல ட்ரைபாட் வாங்கிக்கொள்ளுங்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது செட்டின் நடுவே அழைப்பு வந்து பதிவு நின்றுபோகலாம். போனின் அதி அகல லென்ஸை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். பெரும்பாலும் அதன் சென்சார் சின்னது, இருட்டில் படம் கெடும்.

கேம்கார்டர் எப்போது வேண்டும்? நாள் முழுக்கப் பல ஆட்டங்களை எடுக்கும்போது. போன் சூடாகி நிற்கும், சேமிப்பு நிரம்பும். மாடத்திலிருந்து ஜூம் செய்து ஆட்டத்தோடு திருப்பிக்கொண்டே எடுக்கும்போது. கேம்கார்டரின் ஜூம் விசையும் பிடியும் அதற்கென்றே செய்தவை. அப்புறம், நாள் முழுக்க உங்கள் போன் உங்களுக்கே வேண்டியிருக்கும்போது.

நான்காவது படி: விவரப் பட்டியலில் மூன்று எண்களை மட்டும் தேடுங்கள்

முதல் எண் சென்சார் அளவு. 1/5.8, 1/2.3, 1 அங்குலம் என்று எழுதியிருப்பார்கள். வகுக்கும் எண் சிறியதாக ஆக சென்சார் பெரியது. சோனியின் ஹெச்டிஆர்-சிஎக்ஸ்405 மலிவான, பரவலாக விற்ற மாடல். அதன் சென்சார் 1/5.8 அங்குலம். பானசோனிக் ஹெச்சி-வி770-இல் 1/2.3. பரப்பளவில் இது ஏறக்குறைய ஆறு மடங்கு. சோனி எஃப்டிஆர்-ஏஎக்ஸ்100-இல் இருக்கும் 1 அங்குல சென்சார் அதையும்விட நான்கு மடங்கு. ஒரே மழையில் டம்ளரையும் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? அதே கதைதான்.

இரண்டாவது எண் லென்ஸ் திறப்பு, ‘எஃப்’ என்ற எழுத்தோடு வரும். இங்கேதான் நான் ஏமாந்தேன். ‘எஃப் 1.8 – 4.0’ என்று இருந்தால் 1.8 என்பது ஜூம் செய்யாதபோது மட்டும். முழுக்க ஜூம் செய்தால் 4.0 ஆகிவிடும், உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். எனவே முதல் எண்ணைப் பார்த்து மகிழாமல் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். நீங்கள் ஜூம் செய்யப் போவதில்லை என்றால் முதல் எண்ணே போதும். அதனால்தான் எங்கே நிற்பீர்கள் என்பதை முதலிலேயே அளக்கச் சொன்னேன்.

மூன்றாவது, நொடிக்கு எத்தனை சட்டம். விளையாட்டுக்கு முழு ஹெச்டியில் நொடிக்கு 50 சட்டம், விவரப் பட்டியலில் ‘50பி’ என்று இருக்கும். 4கே என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். குறைந்த விலை 4கே கேம்கார்டர்கள் பலவும் 4கே-இல் நொடிக்கு 25 சட்டம்தான் எடுக்கும். ஸ்மாஷ் அடிக்கும் நேரத்தில் பாதிச் சட்டங்கள் இல்லாமல் போகும். ‘50ஐ’ என்றிருந்தால் அது ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பதியும் பழைய முறை. வேகமாக அசையும் கைகால்களின் ஓரங்கள் சீப்புப் பற்கள்போலத் தெரியும். 50பி இல்லாவிட்டால் மட்டும் அதை ஏற்கலாம்.

மெகாபிக்சல், டிஜிட்டல் ஜூம், இரவுப் பார்வை ஆகியவற்றைப் படிக்கவே வேண்டாம். இணையத்தில் பெயர் தெரியாத நிறுவனங்களின் ‘4கே 48 மெகாபிக்சல் கேம்கார்டர்’ சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதில் மைக்கும் ரிமோட்டும் இலவசம் என்றும் போட்டிருக்கும். ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற சொல் விவரத்தில் எங்கும் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது அசையாத லென்ஸும் சின்ன சென்சாரும்தான். அரங்கத்துக்குள் உங்கள் போனிடம் தோற்றுப்போகும்.

ஐந்தாவது படி: ஷட்டரைக் கையால் மாற்ற முடியுமா?

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இலங்கையிலும் அப்படியே. அதனால் டியூப் லைட்டும் பல எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு சட்டத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 நொடி என்று இருந்தால் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 1/60, 1/250 என்று இருந்தால் படம் துடிக்கும், அல்லது குறுக்கே கருப்புப் பட்டைகள் நகரும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் கேமரா வாங்கி வரச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே 60 ஹெர்ட்ஸ். அங்கு விற்கும் பல கேம்கார்டர்கள் நொடிக்கு 60 சட்டமும், மங்கிய வெளிச்சத்தில் 1/60 ஷட்டரும் தானாக எடுத்துக்கொள்ளும். நம் அரங்க விளக்கில் அது துடிக்கும். மெனுவில் ஷட்டரை 1/100 என்று கையால் வைக்க முடிந்தால் பிரச்சினை இல்லை. மிக மலிவான மாடல்களில் அந்த வசதியே இருக்காது. வாங்கும் முன் மெனுவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

1/50-ஆ, 1/100-ஆ? நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பிள்ளை 1/50 நொடியில் 10 செ.மீ. நகர்ந்துவிடும், 1/100-இல் 5 செ.மீ. கால் அசைவைப் பார்க்க 1/100 நல்லது. ஆனால் வெளிச்சம் பாதியாகும். இறகுப்பந்து மங்கலாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இந்திய பேட்மிண்டன் வீரர் சாத்விக்சாய்ராஜ் 2023-இல் கின்னஸ் சாதனையாக அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர். நம் பிள்ளைகள் அதில் கால் பங்கு வேகத்தில் அடித்தாலும் 1/100 நொடியில் பந்து 40 செ.மீ. கோடாகத்தான் பதியும். எந்தத் திசையில் போனது என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

ஆறாவது படி: எந்த மாடல்?

புதிய கேம்கார்டர்கள் சந்தையில் குறைந்துகொண்டே வருகின்றன. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்குப் பழைய கேமராதான் நல்ல வழி என்பது என் கருத்து. புதிய மலிவு மாடலைவிட, சில வருடம் பழகிய உயர்தர மாடல் அரங்கத்தில் நன்றாக எடுக்கும்.

நான் முதலில் தேடச் சொல்வது பானசோனிக் வி770. 2015-இல் வந்தது, 20 மடங்கு ஜூம், எஃப் 1.8 முதல் 3.6, ஷட்டரைக் கையால் மாற்றலாம். இதன் அகலக் காட்சி 29.5 மி.மீ. என்பதால் குறுகிய பேட்மிண்டன் அரங்கத்துக்குச் சற்று இடிக்கும். இடம் குறைவு என்றால் சோனி ஏஎக்ஸ்53, 26.8 மி.மீ.; லென்ஸ் தொகுதி முழுவதும் மிதந்து அசைவைத் தாங்கும் அமைப்பு இதில் இருப்பதால் கையில் பிடித்து எடுப்பவர்களுக்கும் ஏற்றது. இருண்ட அரங்கம், கொஞ்சம் கூடுதல் பணம் என்றால் ஏஎக்ஸ்100.

கேம்கார்டர் வடிவத்தில் இல்லாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சோனி ஆர்எக்ஸ்10-இன் முதல் மாடல், 2013-இல் வந்தது. 1 அங்குல சென்சார், 24 முதல் 200 மி.மீ. வரை எங்கே ஜூம் செய்தாலும் எஃப் 2.8 மாறாது. மேலே போட்ட கணக்குப்படி உள்ளரங்கத்துக்குத் தேவையான 180 மி.மீ. இதில் அடங்கிவிடுகிறது. பானசோனிக் எஃப்இசட்300-உம் எங்கும் எஃப் 2.8தான், ஆனால் சென்சார் சின்னது. இந்த வகைக் கேமராக்கள் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பதிவைத் தானே நிறுத்திவிடும். ஆட்டங்களுக்கு நடுவே நிறுத்தித் தொடங்கும் பழக்கம் இருந்தால் அது குறையில்லை.

கேசட் போடும் மினி டிவி (MiniDV) கேமரா, டிஸ்க் போடும் கேமரா, உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழலும் கேமரா ஆகிய மூன்றும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஏழாவது படி: பழைய கேமராவைச் சோதிப்பது

உங்கள் மெமரி கார்டையும் லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். லென்ஸ் மூடியைப் போட்டபடி ஒரு நிமிடம் பதிவு செய்து லேப்டாப்பில் பாருங்கள். அசையாத வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் பழுது. போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடியுங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் இது சகஜம். அதை எடுக்க ஆகும் செலவுக்கு வேறு கேமராவே பார்க்கலாம். ஜூமை இரண்டு முனைக்கும் ஐந்தாறு முறை ஓட்டுங்கள், கரகரப்புச் சத்தம் வரக் கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறதா, ட்ரைபாட் திருகும் துளையின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் முக்கியமான சோதனை. கடைக்காரரிடம் கேட்டு உள்ளறைக்குப் போய், டியூப் லைட் வெளிச்சத்தில் ஒருவரை வேகமாகக் கைவீசச் சொல்லி எடுங்கள். நீங்கள் அரங்கத்தில் பயன்படுத்தப் போகும் அளவுக்கு ஜூம் செய்து எடுங்கள். அதைக் கேமராவின் சின்னத் திரையில் பார்க்காமல் லேப்டாப்பில் பாருங்கள். சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். தெருவைக் காட்டி விற்க வந்தால் ‘வெளியே வேண்டாம், உள்ளே எடுத்துக் காட்டுங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள்.

எட்டாவது படி: மொத்தப் பணத்தையும் கேமராவிலேயே போட்டுவிடாதீர்கள்

30,000 ரூபாய் இருந்தால் கேமராவுக்கு 22,000 வரை மட்டும் ஒதுக்குவேன். மீதியில் பாதி ட்ரைபாடுக்கு. திருப்பும்போது வெட்டி வெட்டி நகராத, எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கும் ‘ஃப்ளூயிட் ஹெட்’ உள்ளதாகப் பாருங்கள். கூடைப்பந்துக்கு அது இல்லாமல் முடியாது. பேட்மிண்டனுக்கு உயரம்தான் முக்கியம், எனவே மாடக் கம்பியில் இறுக்கும் கிளாம்ப் ட்ரைபாடைவிட மலிவாக வேலையை முடித்துவிடும். கம்பியில் யாரும் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தட்டலும் படத்தில் அதிரும்.

மீதி கார்டுக்கும் கூடுதல் பேட்டரிக்கும். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 22 ஜிபி ஆகும். 28 மெகாபிட்டில் 12 ஜிபியைத் தாண்டும். 64 ஜிபி கார்டு இரண்டு வாங்குங்கள். 128-இல் ஒன்று வாங்கி அது கெட்டுப்போனால் அன்றைய எல்லா ஆட்டமும் போய்விடும். மின் இணைப்பில் செருகியபடி பதிவு செய்ய முடிகிற கேமரா என்றால், நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று பேட்டரிச் செலவை மிச்சப்படுத்தும்.

முதல் நாள் அரங்கத்தில்

ஆட்டம் தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே போய்விடுங்கள். ஏற்பாட்டாளரிடமும் எதிர்ப் பிள்ளையின் பெற்றோரிடமும் படம்பிடிப்பதைச் சொல்லி அனுமதி கேளுங்கள். மற்றவர்களின் பிள்ளைகள் தெரியும் பதிவைக் கேட்காமல் எங்கும் போட வேண்டாம். கேமராவின் மேல் விளக்கு பொருத்தாதீர்கள், ஆடுகிறவர் கண் கூசும்.

ஷட்டரை 1/100-க்குக் கொண்டுவாருங்கள். படம் மிகவும் இருட்டாக இருந்தால் 1/50. ஒரு வெள்ளைத் தாளைக் கோர்ட்டில் பிடிக்கச் சொல்லி, அதைப் பார்த்து வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கையால் அமையுங்கள்; மஞ்சளும் பச்சையும் மறைந்துவிடும். மெட்டல் ஹாலைடு விளக்கு என்றால் அது முழுப் பிரகாசத்துக்கு வந்த பிறகே இதைச் செய்யுங்கள். ஃபோகஸைத் தானியங்கியில் விடாதீர்கள். பேட்மிண்டன், கைப்பந்து வலைகள் கேமராவைக் குழப்பும். ஆட்டக்காரரை விட்டுவிட்டு வலையின் நூலில் போய் நின்றுவிடும். கோர்ட்டின் நடுவில் நிற்கும் ஒருவர் மேல் ஜூம் செய்து ஃபோகஸ் வைத்து, பூட்டிவிட்டு, காட்சியை அகலப்படுத்துங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது அசைவுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். பல கேமராக்களில் அது காட்சியின் ஓரங்களை வெட்டும். அணைத்தால் அரை மீட்டர் அகலம்கூடச் சும்மா கிடைக்கும்.

பயிற்சி ஆட்டத்தில் ஒரு நிமிடம் எடுத்து, ஜூம் செய்து ஓடவிட்டுப் பாருங்கள். கால்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் பதிவை அழுத்திவிட்டு, கேமராவைத் தொடாமல் உட்கார்ந்து பிள்ளையின் ஆட்டத்தைக் கண்ணால் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே கார்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்றி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, கார்டைக் கேமராவிலேயே போட்டு ஃபார்மேட் செய்யுங்கள்.